ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹெப்சியின் வாத்தியார் வாசித்த பிடில்

என் மூத்த பேரன் பெங்களூரில் கம்ப்யூட்டர் இஞ்சினியர். அடுத்தவள் மதுரையில் நர்ஸ், போன மாதம் ஹெட் நர்ஸ் ஆகிவிட்டாள். கடைக்குட்டி ஹெப்சி நார்வேயில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பிடில் சொல்லிக்கொடுக்கிறாள். அஞ்சாவதோடு நின்றவள் நான், பெருமை பேசக்கூடாதா? ஆனால் ஹெப்சி என்னோடு பேசிப் பத்து மாதம் ஆகிறது. அவளுக்குப் பிடில் கற்றுக்கொடுத்த நார்வேக்காரர் ஊலா, போன சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் வாசிக்க வந்தார். அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலாம் என்றுதான் கிளம்பினேன்.

ராஜபாளையத்தில் மாலை நாலு பத்துக்கு டவுன் பஸ். பன்னிரண்டு கிலோமீட்டர், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நாற்பது நிமிடமும் நின்றுகொண்டே போனேன். இறங்கியதும் ஆட்டோக்காரர் அறுபது ரூபாய் கேட்டார்.

“வெயிலு கொளுத்துதுல்லா ஆச்சி.”

“எனக்கு மட்டும் குளிருதாக்கும்?”

நாற்பதுக்கு வந்தார்.

சர்ச் வாசலில் எல்லாரையும் போல ஊலாவையும் ஷூவைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். அங்கேதான் தப்பு. அவர்கள் ஊர்ப் பிடிலுக்கு மேளம் கிடையாது, வாசிப்பவர் குதிகாலால் தரையைத் தட்டுவதுதான் தாளமாம். வெறும் சாக்ஸோடு தட்டினார், சத்தமே வரவில்லை. விடாமல் ஓங்கி ஓங்கி மிதித்தார்.

“ஏட்டி, வாசிக்காவளா, கரப்பான மிதிக்காவளா?” என்றாள் முன்னால் இருந்தவள். பெஞ்சே சிரித்தது. இதற்குத்தானா என் பேத்தி அம்புட்டுத் தூரம் போனாள் என்று எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு தன் கதையைச் சொன்னார். ஒரு டீச்சர் அதைத் தமிழில் சொன்னாள். அவர் தாத்தா கல்யாண ஆட்டங்களுக்குப் பிடில் வாசித்தவராம். ஆட்டம் பாவம், பிடில் சாத்தானுடையது என்று தாத்தாவைப் பெற்ற தாயே அந்தப் பிடிலை அடுப்பில் வைத்து எரித்துவிட்டாளாம். பேரனான இவர் முப்பது வருடம் பள்ளி பள்ளியாகப் போயிருக்கிறார். பாட்டு எழுதின காகிதம் கிடையாது. பிள்ளையை எதிரே உட்காரவைத்து, காதால் கேட்கவைத்தே கற்றுக்கொடுத்திருக்கிறார்.

முடிந்ததும் முன்னால் போய், “நான் ஹெப்சியோட ஆச்சி” என்றேன். டீச்சர் அதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. மெதுவாக ஏதோ சொன்னார். டீச்சர் தயங்கினாள்.

“சொல்லும்மா.”

“நல்லாயிருக்காளாம் ஆச்சி. முடிய ஒட்ட வெட்டிட்டாளாம். பொறவு... அந்த அடுப்புக் கதையக் கேட்டுட்டு, எங்க வீட்லயும் அப்படி ஒரு அடுப்பு இருக்குன்னாளாம்.”

நான் எதையும் எரிக்கவில்லை. பத்து மாதத்துக்கு முன்னால் அவள் ஒரு கல்யாண ஆட்டத்துக்கு வாசிக்கிற வீடியோ வந்தது. “கண்டவன் ஆட வாசிக்கவா ஒன்ன ஜெபம் பண்ணி வளத்தேன்?” என்று போனில் கேட்டேன். அம்புட்டுத்தான் கேட்டேன்.

திரும்ப ஏழு இருபதுக்கு பஸ். இப்படிக் கச்சேரிக்குப் போகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள், அரை மணி நேரம் முன்னால் போனால் பெஞ்சில் இடம் கிடைக்கும். அந்த ஊர்க்காரர்கள் வாசிக்க வந்தால் காலடியில் ஒரு பலகையாவது போடுங்கள். கர்த்தர் கோபிக்க மாட்டார்.

ஹெப்சி, நீ பேச வேண்டாம். உன் இன்டர்நெட் பக்கத்தில் இன்னும் சடை போட்ட படம்தான் கிடக்கிறது. வெட்டின முடியோடு ஒரு புதுப் போட்டோ போடு. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.