ஆறு மணிக்குச் சாப்பிடுகிற வீடு

மூன்றாவது தோசையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் என் மகள் அதைச் சொன்னாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. "தே வேர் ஈட்டிங், அம்மா. ஐ வெயிட்டட் இன் ஹெர் ரூம்" என்று, வெளியே மழை பெய்கிறது என்பதைப் போலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சட்னிக்குக் கையை நீட்டினாள். கீழ் வீட்டுக்கு விளையாடப் போன குழந்தையை ஓர் அறையில் விட்டுவிட்டு, பக்கத்து அறையில் அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். கல்லில் கிடந்த தோசை கருகி வாடை வரும்வரை அப்படியே நின்றிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், சான் ஹோசேயில், ஓர் அப்பார்ட்மென்டின் மாடியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன். அவர் கோயம்புத்தூரில் தங்கிப் பெரிய படிப்புப் படித்து, கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா வந்தவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்று எங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். கீழ் வீட்டில் ஸ்வீடன் தேசத்துக் குடும்பம் ஒன்று இரண்டு வருட வேலையாக வந்திருந்தது. அவர்கள் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. அந்த வீட்டு அம்மாவை நாங்கள் ஸ்வீடன்காரம்மா என்றே சொல்வோம்.

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்திருந்தது. முதல் காரணம், அந்த வீட்டிலும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார்கள். இரண்டாவது, அந்த அம்மாவுக்கும் இங்கிலீஷ் சொந்த பாஷை இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசும். அதனால் எனக்குப் புரியும். எதிர்வீட்டு அமெரிக்க அம்மா பேசினால் சிரிப்பது மட்டும்தான் எனக்குப் புரியும். அந்த எதிர்வீட்டம்மா பார்க்கும்போதெல்லாம் என்னை ஹனி என்று கூப்பிட்டு, எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வா என்று சொல்லும். ஒருநாள் வடை சுட்டு எடுத்துக்கொண்டு போய் நின்றேன். பாதிக் கதவைத் திறந்து தட்டை வாங்கிக்கொண்டு, தேங்க்யூ என்று பத்துத் தடவை சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. சாயங்காலம் என் வீட்டுக்காரர் சிரித்தார். "அவங்க வா வான்னா வணக்கம்னு அர்த்தம் அம்மிணி. நீ நெசமாலுமே போயி நின்னுட்டியா?" என்றார்.

ஸ்வீடன்காரம்மா அப்படி வா என்று சொன்னதே இல்லை. வியாழக்கிழமை மூன்று மணிக்குக் காப்பி குடிக்க வருகிறாயா என்று கேட்கும். சரியென்றால் வியாழக்கிழமை மூன்று மணிக்கு இரண்டு கோப்பை மேசையில் இருக்கும். பள்ளிக்கூடத்து டீச்சர் என் மகள் எதைக் கிறுக்கினாலும் உலகத்திலேயே அழகான படம் என்பார். இந்த அம்மா படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, இந்தக் குதிரைக்கு ஏன் ஐந்து கால் என்று கேட்டது. என் மகள் யோசித்து ஒரு காலை அழித்தாள். எங்கள் ஜனங்கள் அறிமுகம் ஆகும்போதே எந்தக் கம்பெனி, என்ன வீடு, எப்போது கிரீன் கார்டு என்று வரிசையாகச் சொல்வார்கள். இந்த அம்மா தன் ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்கிற டாக்டர் என்பது எங்களுக்குப் பத்து மாதம் கழித்து, அதுவும் வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

இத்தனையும் தெரிந்திருந்தும் அந்தத் தோசை நாளில் எனக்கு எல்லாம் மறந்துபோனது. நேரே கீழே போய், ஏன் இப்படி என்று கேட்டிருக்கலாம். நான் போகவில்லை.

அந்த வாரக் கடைசியில் பொங்கலுக்கு எல்லோரும் ஆளுக்கு ஒன்று சமைத்து எடுத்துப் போய்க் கூடினோம். அங்கே வருகிற பெண்கள் எல்லோரும் காலேஜ் படித்தவர்கள். நான் எப்போதும் பாத்திரம் எடுத்து வைப்பதுபோல ஓரமாகவே நிற்பேன். அன்றைக்கு என்ன தோன்றியதோ, பேச்சோடு பேச்சாக அதைச் சொல்லிவிட்டேன். சட்டென்று எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"குழந்தைய வச்சுக்கிட்டேவா சாப்ட்டாங்க? நாய் வந்து நின்னாக்கூட ஒரு பிஸ்கட் போடுவோமேக்கா" என்றாள் சென்னைப் பெண் ஒருத்தி.

"அமெரிக்கன்ஸாவது ஒரு பீட்ஸா ஆர்டர் பண்ணுவாங்க. இவங்க அதுக்கும் மேல போல" என்றாள் இன்னொருத்தி.

"அக்கா இவ்ளோ பேசி நான் இன்னிக்குத்தான் கேக்கறேன். சொல்லுங்கக்கா, அப்புறம்?"

அப்புறம் ஒன்றும் இல்லை. ஆனால் அத்தனை முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. என் வாழ்நாளில் நான் பேச இத்தனை பேர் காத்திருந்ததில்லை. அதனால், "அறைக் கதவை வேற சாத்திட்டாங்க" என்றேன். கதவைச் சாத்தியதாக என் மகள் சொல்லவே இல்லை.

மூன்று வாரம் கழித்து கீழ் வீட்டுப் பெண்ணுக்குப் பிறந்தநாள். வகுப்பில் நெருக்கமான ஏழு குழந்தைகளுக்கு மட்டும் அந்த அம்மா கையால் எழுதிய அட்டை வந்தது. ஏழில் ஐந்து, என் மகளையும் சேர்த்து, பொங்கலுக்குக் கூடிய எங்கள் தமிழ்க் குழந்தைகள். யாரும் முகத்துக்கு நேரே வரமாட்டோம் என்று சொல்லவில்லை. "ட்ரை பண்றோம்" என்றார்கள். நம்மவர்களிடம் அதைச் சொன்னால் வரமாட்டார்கள் என்று புரிந்துகொள்வார்கள். அந்த அம்மாவுக்கு அது தெரியாது. முயற்சி செய்கிறோம் என்றால் முயற்சி செய்வார்கள் என்றே எடுத்துக்கொண்டது.

நான் மட்டும் அப்படியும் சொல்லவில்லை. அன்றைக்குக் காலையில் போன் செய்து என் மகளுக்குக் காய்ச்சல் என்றேன். மற்றவர்கள் யாரும் போகாதபோது நான் மட்டும் என் மகளை அனுப்பினால், நானே சொன்ன கதைக்கு என்ன மரியாதை என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் என் மகள் புதுக் கவுனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "டூ ஐ ஹேவ் ஃபீவர்?" என்றாள். "ஆமா கண்ணு, தொட்டாக் கொதிக்குது" என்று சொல்லி, நெற்றியில் தைலத்தைத் தேய்த்துப் படுக்க வைத்தேன். அவள் தன் கழுத்தைத் தானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர்கள் வீட்டு முன்னால் இருக்கும் புல்தரை தெரியும். நீளமாக ஒரு மேசை போட்டிருந்தார்கள். சின்னச் சின்ன நீலமும் மஞ்சளுமான கொடிகள். எட்டு நாற்காலி, எட்டுத் தட்டு. இரண்டு குழந்தைகள் வந்தார்கள். அந்தப் பெண் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. வெகுநேரம் கழித்து அதன் அப்பா மிச்ச நாற்காலிகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப் போனார். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

மறுநாள் ஸ்வீடன்காரம்மா மேலே வந்தது. கையில் ஒரு கிண்ணம் சூப், ஒரு துண்டு கேக். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று, குழந்தைக்கு இப்போது இதைக் கொடுக்கலாமா, உங்கள் சாப்பாட்டு நேரம் எது என்று கேட்டது. என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு குழந்தைக்குக் கேக் கொடுக்க எதற்குப் பர்மிஷன் என்றார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. நிதானமாகச் சொன்னது. எங்கள் ஊரில் அடுத்த வீட்டுக் குழந்தையின் வயிற்றை நாங்களாக நிரப்ப மாட்டோம். அதன் அம்மா வீட்டில் சமைத்து வைத்திருப்பாள். அந்தச் சாப்பாட்டைக் கெடுக்க நமக்கு உரிமை இல்லை. அன்றைக்கு உன் மகளிடம் கேட்டேன். அம்மா எனக்காகத் தோசை சுடுகிறாள், நான் அங்கேதான் சாப்பிடுவேன் என்றாள். உங்கள் சமையலறையில் விளக்கு எரிந்ததையும் பார்த்தேன்.

எல்லாம் எனக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. அந்த அம்மாவின் மகள் பள்ளி விட்டதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, இட்லியும் முறுக்குமாக வயிறு நிறையத் தின்றுவிட்டுத்தான் கீழே போகும். அவர்கள் சாப்பிட உட்காரும் ஆறு மணிக்கு அந்த வீட்டு மேசையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த அம்மா அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

அப்போது சொல்லியிருக்கலாம். காய்ச்சல் இல்லை, நேற்று அத்தனை பேர் வராததற்கு நான்தான் காரணம் என்று சொல்ல என் இங்கிலீஷ் போதும், புரிந்துகொள்ள அந்த அம்மாவின் இங்கிலீஷும் போதும். நான் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தேங்க்யூ என்றேன். வேலை முடிந்து கோடை விடுமுறையில் அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். போகும் அன்றைக்குக்கூட அந்த அம்மா மேலே வந்து கை கொடுத்துவிட்டுத்தான் போனது.

என் மகளுக்கு இப்போது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. அந்தத் தோழியைக் கம்ப்யூட்டரில் எப்படியோ தேடிப் பிடித்திருக்கிறாள். போன மாதம் அவளோடு பேசிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பிறந்தநாளுக்கு இரண்டே பேர்தான் வந்தார்களாம், அவள் இன்னும் மறக்கவில்லையாம். "ஐ வுட் ஹேவ் கான், அம்மா. எனக்குத்தான் ஃபீவர். ரிமெம்பர்? நீ தைலம் தேச்சுவிட்ட" என்றாள்.

"ஆமா கண்ணு" என்றேன், இரண்டாவது முறையாக.

அவளுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன்.