நெல்லிச்சாறு கொண்டுபோனவர்

இலங்கைப் போர்க்காலத்தில், தெல்தெனியவிலிருந்து பேராதனை ஆய்வுகூடத்துக்கு நெல்லிச்சாறு கொண்டுபோவார் ஒரு நரைத்தாடிப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் போத்தலைச் சந்தேகித்தால், புளிப்பில் முகம் சுளித்தபடி ஒரு மிடறு குடித்துக் காட்டுவார்.

அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்த நான், ஒருநாள் அவர் வந்த பஸ்ஸில் மகளை மடியில் வைத்தபடி அவரிடம் கேட்டேன்.

“சேர், இதைக் குடிச்சால் எங்களுக்கு அந்தப் புற்றுவருத்தம் வராதோ?”

“கண்ணாடித் தட்டில வைச்சுப் பாக்கேக்க புற்றுக்கலங்கள் வளராமல் நிக்குது, பிள்ளை. மனுசரில எப்பிடியெண்டு இன்னும் தெரியாது.”

“நீங்கள் குடிக்கிறியளே?”

“அது ஆமிக்காரன்ர சந்தேகத்துக்கு மருந்து!”

சிரித்துவிட்டேன். ஆனாலும் ‘வராது’ என்று அவர் சொல்லியிருந்தால் அப்படியே நம்பியிருப்பேன். அது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். தெரிந்தும் அவர் சொல்லவில்லை. அது இரக்கமின்மையா, என்மேல் வைத்த மரியாதையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.