தி.நகரிலிருந்து நகர்ந்த மவுஸ்

தொண்ணூறுகளின் கடைசியில் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். மயிலாப்பூர், அடையாறு, வடபழனி என்று கடைக்குக் கிளைகள். எல்லாவற்றிலும் பில் போடக் கம்ப்யூட்டர். அத்தனைக்கும் வைத்தியம் பார்க்க நான் ஒருத்தி. எங்கே எது நின்றாலும் மொபெட்டில் ஓடுவேன். போய்ப் பார்த்தால், யாரோ விளையாட்டு ஏற்றுகிறேன் என்று எதையாவது அழித்து வைத்திருப்பார்கள்.

"என்னம்மா, ஒரு பட்டனத் தட்டுததுக்கு அடையாறு வரைக்குமா போயிட்டு வார?" என்பார் முதலாளி அண்ணாச்சி. திட்டுவதில்லை, நிஜமாகவே அவருக்கு ஆச்சரியம்.

நான் உண்டானதும் டாக்டர் மொபெட்டைத் தொடக்கூடாது என்றுவிட்டார். வேலையை விட எனக்கு மனசில்லை. டெலிபோன் லைன் வழியாகவே கிளைக் கம்ப்யூட்டரைத் திறந்து சரிசெய்யும் மென்பொருள் ஒன்று வந்திருந்தது. அண்ணாச்சியிடம் போய் விளக்கினேன். கிளைக்கு ஒரு மோடம் போதும். விலை மாறினால் ஃப்ளாப்பி கொடுத்தனுப்ப வேண்டாம். கண்டதையும் யாரும் தொடாதபடி இங்கிருந்தே பூட்டலாம். வெளியாளைக் கூப்பிடும் செலவு மிச்சம்.

"அப்போ நீ இருந்த எடத்துலயே இருக்கலாம்லா?"

"ஆமா அண்ணாச்சி."

"சரி, வாங்கிரு."

மயிலாப்பூரில் பில் போட்டவர், வேறெங்கோ ரிட்டயராகிவிட்டு இந்த வேலைக்கு வந்த மாட வீதிக்காரர். முதல்நாள் நான் இணைத்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"அம்மாடி, அம்புக்குறி தானா நகர்ந்துண்டிருக்கு. அணைச்சுட்டேன்."

"நான்தான் சார் நகர்த்தறேன்."

"நீ இங்க இல்லையே."

மறுபடி இணைத்தேன். மறுபடி அணைத்தார். அந்தக் கடைக்கு ஒரே லைன். மோடம் ஓடும்போது போனில் பேச முடியாது. மூன்றாம் முறை அவர் திரையிலேயே நோட்பேடைத் திறந்து, 'நான்தான் சார், பயப்படாதீங்க' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிப் பதில் அடித்தார்: 'சாப்பிட்டியா?'

அதன்பிறகு அதுவே எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு பக்கம் நான் ரிப்பேர் பார்ப்பேன். இன்னொரு பக்கம் அவர், ஆத்துல மாங்கா ஊறுகா போட்டிருக்கு, வேனில் கொடுத்தனுப்பறேன் என்று அடிப்பார். சாயங்காலம் சரக்கு வேனில் ஊறுகாய் பாட்டில் வந்து இறங்கும்.

தீபாவளிக்கு முந்தின வாரம். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. மாடியில் கதவு சாத்திய ஏ.சி. அறையில் மயிலாப்பூருக்குப் புது விலைகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று இடுப்பில் வலி, பின்னாலேயே பனிக்குடமும் உடைந்தது. எழுந்தால் கால் நிற்கவில்லை. கூப்பிட்டேன். கீழே கூட்டமும் ஒலிபெருக்கியுமாக இருந்ததில் யாருக்கும் கேட்கவில்லை. கைக்கு எட்டியது கீபோர்டுதான். 'சார் வலி. தனியா இருக்கேன்' என்று தட்டினேன்.

அவர் பதில் எதுவும் அடிக்கவில்லை. என் திரையில் இணைப்பு அறுந்தது. மறுபடி அணைத்துவிட்டாரே என்று அழுகை வந்தது.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு புடவை செக்ஷன் பெண்கள் ஓடி வந்தார்கள். மோடத்திலிருந்து லைனைப் பிடுங்கிப் போனில் செருகி, எங்கள் பில் கவுண்டரைக் கூப்பிட்டிருக்கிறார் அவர். அண்ணாச்சி தன் காரிலேயே ஏற்றி அனுப்பினார். தெருவில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடை வாட்ச்மேன் முன்னால் ஓடினார். ராயப்பேட்டையில் நான் பதிவு செய்திருந்த நர்சிங் ஹோமில், போய்ச் சேர்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் மகள் பிறந்தாள்.

மறுநாள் மனைவியோடு வந்தார் மயிலாப்பூர் சார். குழந்தையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பதில் அடிக்கலாம்னு கை வெச்சேன். எழுத்தைத் தேடிண்டிருந்தா நேரமாயிடுமேன்னு பிடுங்கிட்டேன். தப்பா?" என்றார். அவர் மனைவி என் தலையைத் தடவியபடியே அவரிடம், "நன்னா பண்ணினேள்" என்றார்.

கம்ப்யூட்டர் செலவு குறைந்ததை அண்ணாச்சி மற்ற கடைக்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். குழந்தையைப் பார்க்க வந்தபோது, "ஒன் வீட்டுக்கே ஒரு லைன் போட்டுருவோமா? பிள்ளையையும் பாத்துக்கிடலாம்" என்று கேட்டார். மகள் பள்ளிக்கூடம் போகும்வரை வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். அடையாறில் பில் நின்றால், அவளை மடியில் போட்டுக்கொண்டே சரிசெய்துவிடுவேன்.