அரவிந்தவல்லி கேட்ட ஒரு கேள்வி

ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு இருக்க, திருச்சி கன்டோன்மென்ட்டில் ஓர் அறைக்கு வாடகை கொடுப்பவளைப் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். சொன்னார்கள். ஆனால் அந்த வீட்டில் கோயில் மேளமும் ஒலிபெருக்கியும் ஓய்ந்தால் பக்கத்து வீட்டு மிக்ஸி ஆரம்பிக்கும். அரவிந்தவல்லி பார்க்கும் வேலைக்குப் பின்னணியில் ஒரு சத்தமும் ஆகாது. கிடைத்ததோ வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா, ஒன்றரை அடிச் சுவர், மாடியில் தனி அறை. சென்னையில் அந்த வாடகைக்கு ஸ்கூட்டர் நிறுத்த இடம் கொடுத்தால் பெரிது. கீழே வீட்டுக்காரி லிசி குடியிருந்தாள்.

வேலை இதுதான். இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளுக்கு ஆங்கிலம் தெரியாத தமிழர் வந்தால், டாக்டர் ஓர் எண்ணை அழுத்துவார். திருச்சியில் இவள் காதில் மணி அடிக்கும். அவர் பேசுவதைத் தமிழிலும், நோயாளி பேசுவதை ஆங்கிலத்திலும், கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். புரியாத சொல்லுக்கு மட்டும் விளக்கம் கேட்கலாம். சொந்தமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. காதில் விழுந்ததை வெளியே மூச்சு விடக் கூடாது.

போன வருஷம் போனில் அழுத பெரியவர் ஒருவரிடம், “அழாதீங்க, சரியாயிடும்” என்று சொல்லிவிட்டாள். டாக்டர் சொல்லாததை எப்படிச் சொல்லலாம் என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும். கணவர் ஜகன்னாத் முதுகில் அடிபட்டு வீட்டோடு இருந்தார். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

அன்று பகல் இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி தெரிந்தது. மேலதிகாரி கூடவே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

பேசியவர் மயக்க மருந்து டாக்டர். நோயாளி, மகனோடு வசிக்கும் ஒரு மாமி. பித்தப்பையில் கல், இன்னும் அரை மணியில் ஆபரேஷன்.

“நேற்று இரவுக்குப் பிறகு ஏதாவது சாப்பிட்டீர்களா?” என்று டாக்டர் கேட்டார். இவள் தமிழில் கேட்டாள்.

“இல்லை. இன்னிக்கு ஏகாதசி. நான் சாப்பிடலை.”

இவள் ஆங்கிலத்தில் சொன்னாள். விரதமா, ரொம்ப நல்லது என்றார் டாக்டர். அடுத்த கேள்விக்குப் போனார். பல் ஏதும் ஆடுகிறதா?

அரவிந்தவல்லி அதையும் தமிழில் கேட்டாள். அவளுக்கும் அன்று ஏகாதசிதான். யார் கேட்டாலும் சாப்பிடவில்லை என்றுதான் சொல்வாள். ஆனால் காலையில் ரவா உப்புமாவும் காபியும் ஆகியிருந்தது. சாதம் தொடாவிட்டால் ஏகாதசி இருப்பவர்கள் கணக்கில் அது சாப்பாடே இல்லை, வெறும் பலகாரம். அந்த டாக்டருக்கு இதெல்லாம் எந்த ஜென்மத்தில் தெரியும்? நிறைந்த வயிற்றோடு மயக்கம் கொடுத்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகும் என்று இவளே பல பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறாள்.

மாமி சொன்னதில் புரியாத சொல் ஒன்றும் இல்லை. சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது. பல் முடிந்தது. அலர்ஜி முடிந்தது. கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

“மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். நானாக ஒன்று கேட்க வேண்டும்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “மாமி, பலகாரம் பண்ணினேளா?”

“அது இல்லாம எப்படிம்மா? மாத்திரை போட்டுக்க வேண்டாமா? ஆறரைக்கு ரவா உப்புமா, ஒரு டம்ளர் காபி. சாதம் தொடலை.”

அதை இவள் ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு டாக்டர் காரணத்தைச் சொல்லி, இன்று ஆபரேஷன் கிடையாது, வேறு தேதி தருகிறோம் என்றார். அதையும் இவள் தமிழில் சொன்னாள்.

மாமிக்கு வந்ததே கோபம். “நாலு மாசமா காத்துண்டிருந்தேன். என் பிள்ளை லீவு போட்டுண்டு வந்திருக்கான். எல்லாம் இந்தப் பொண்ணு வாயால வந்தது. உன்னை யாருடி கேக்கச் சொன்னா? நன்னா இருப்பியா நீ?”

யார் திட்டினாலும் மொழிபெயர்க்க வேண்டும். அரவிந்தவல்லி ஒரு சொல் விடாமல், குரல் நடுங்காமல், தன்னைத் திட்டியதை டாக்டருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். கண்ணீர் மட்டும் அது பாட்டுக்கு வழிந்தது. நடுவில் மகன் போனை வாங்கி, உங்கள் மேல் புகார் கொடுப்பேன் என்று வைத்துவிட்டான்.

மூன்றரைக்கு மின்னஞ்சல் வந்தது. விதிமீறல், இரண்டாவது முறை, ஒப்பந்தம் முடிந்தது. மூன்றே வரி. வேலைத் தளத்துக்குள் நுழைய முயன்றாள், கடவுச்சொல்லை ஏற்கவில்லை.

ஹெட்போனைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். லிசி வாசலில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, இவ்வளவு சீக்கிரமா கிளம்பிட்டீங்க?”

“மாசக் கடைசில ரூமைக் காலி பண்ணிடறேன் அக்கா. வேலை போயிடுச்சு.”

“அய்யோ. நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு? என்னாச்சு?”

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும். லிசியும் கேட்டுவிட்டு, நீங்க செஞ்சது சரிதாங்க என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக அரவிந்தவல்லி ஏங்கினாள். ஆனால் அந்த மாமி டாக்டரிடம் சொன்னது அந்த மாமியுடையது. வேலை போய்விட்டது என்பதற்காக அதை வாசலில் வைத்துப் பேச முடியுமா?

“அதைச் சொல்லக் கூடாதுக்கா.”

லிசி துணியை மார்போடு அணைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“தப்பு ஏதாவது பண்ணிட்டீங்களா?”

“ஆமாக்கா” என்றாள் அரவிந்தவல்லி. “பண்ணிட்டேன்.”