தயா அண்ணை பெண் பார்க்கப் போன ஊர்வலம்

மார்ச்சில் மெல்பேர்ண் போவோமா என்று மகள் கேட்டாள். நான் பதில் யோசிப்பதற்குள் விமானச்சீட்டும் அறையும் வாடகைக் காரும் கைபேசியில் எடுத்தாகிவிட்டது. அந்த நகரத்தின் மூம்பாத் திருவிழா ஊர்வலம் எந்தத் தெருவால் போகும் என்று பேரன் ஒரு படத்தைக் காட்டினான். கெல்லிவில் வீட்டில் கதிரையில் சாய்ந்தபடி பார்த்தேன். இதே பயணத்துக்கு ஒரு காலத்தில் நாங்கள் மாதக்கணக்கில் தவம் கிடந்தோம்.

எழுபதுகளின் கடைசிப் பகுதி. பரமட்டாவில் ரயில் பாதையோரம் ஒரு ஃப்ளாட்டில் நானும் என்னைவிட மூத்த நண்பர் தயா அண்ணையும் குடியிருந்தோம். குசினியில் எந்நேரமும் வறுத்த மிளகாய் மணம். இப்போதும் மிளகாய் கருகினால் எனக்கு இருமலுக்கு முன் அண்ணையின் நினைவுதான் வரும். அண்ணை இன்ஜினியர், சந்தைக்குப் போவதென்றாலும் படம் கீறிப் பார்த்துவிட்டுத்தான் போவார். நான் குடையோடு போய்க் குடையில்லாமல் திரும்புகிற ஆள். ஆகவே அவர் எனக்குப் பெரிய அதிசயம்.

அவருக்கு வயது முப்பதைத் தாண்டியும் கலியாணம் சரிவரவில்லை. அவுஸ்திரேலியா என்றதும் ஊரில் பெண் வீட்டார் "அங்கை எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்று பின்வாங்கினார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு நண்பர் சரஸ்வதியைப் பற்றிச் சொன்னார். ஈப்போவிலிருந்து வந்து மெல்பேர்ணில் தாதி வேலை படித்துக்கொண்டிருந்த மலேசியப் பெண். அண்ணை சில்லறையைச் சேர்த்துக்கொண்டு தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குள் போனார். நானும் இடித்துக்கொண்டு நுழைந்தேன்.

"பொண்ணு பாக்கன்னு வீட்டுக்கெல்லாம் வராதீங்க. தட்டு ஏந்திட்டு வந்து நிக்க எனக்குப் பிடிக்காது" என்றாள் அவள். "மூம்பா ஊர்வலத்தில எங்க ஆஸ்பத்திரி லோரி மேல நிப்பேன். நீங்க என்னைப் பாருங்க. நானும் உங்களைப் பாக்கணும்."

"மஞ்சள் சட்டையோட வாறன்" என்றார் அண்ணை. வெளியே வந்ததும் "கெட்டிக்காரி" என்றார். இவருக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கு இவரைப் பிடிக்க வேண்டுமே என்பதுதான் இனிக் கவலை.

அன்றே சுவரில் மெல்பேர்ண் படம் ஏறியது. எங்கே பெற்றோல் அடிப்பது, எங்கே சாப்பிடுவது, எந்த ட்ராமில் ஏறுவது, எல்லாம் பென்சிலால் குறித்தார். மஞ்சள் சட்டை இரண்டு முறை தோய்த்து இஸ்திரிப் பெட்டியால் மினுக்கப்பட்டது. சுடுதண்ணிப் போத்தலில் தேநீர், அவித்த முட்டை, காய்ந்த தேங்காய்ப்பூவைப் பாலில் ஊறவைத்து நான் கண்டுபிடித்த சம்பல் என்று பழைய காரில் ஒரு நாள் ஓட்டத்துக்குப் புறப்பட்டோம். சம்பல் பாதி வழியிலேயே புளித்துவிட்டது. அதை அண்ணை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் சாப்பிட்டார். அவர் பெரிய மனிதர்.

மெல்பேர்ண் எனக்குப் பார்த்த உடனேயே பிடித்தது. வெங்காயம் பொரிகிற மணமும் பிள்ளைகளின் சத்தமுமாக அந்த நகரம் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தெருவில் நின்றது. கதிரை கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார மூதாட்டி, நாங்கள் யார் எவர் என்று கேளாமலே எங்களுக்கு இனிப்பு நீட்டினார்.

ஊர்வலம் தொடங்குகிற இடத்தில் கூட்டம் நெருக்கியது. நான் முண்டியடித்து முன்னே போகப் பார்த்தேன். அண்ணை கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏன் இடிபடுவான்? தேர் வீதி சுத்தித் துடங்கின இருப்புக்குத்தானே வரவேணும். சனம் குறைஞ்ச பிறகு ஆறுதலாப் பாப்பம்."

நல்லூர்த் தேரும் மாவிட்டபுரத் தேரும் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் பிழை தெரியவில்லை. நிழலில் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். தலைகளுக்கு மேலால் ஒரு டிராகனின் கொம்பு போயிற்று. ஒரு ராசாவின் கிரீடம் போயிற்று. வரிசையாக வெள்ளைத் தொப்பிகள் போயின. "அதுதான் போல" என்றார் அண்ணை, அவசரமே இல்லாமல்.

பிறகு தெருக்கூட்டுகிறவர்கள் வந்தார்கள். ஊர்வலம் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று அண்ணை அவர்களில் ஒருவரைக் கேட்டார். அந்த மனிதர் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு, மறுமுனையில் முடிந்துவிட்டது, எல்லாரும் கலைந்திருப்பார்கள் என்றார். அண்ணையின் முகத்தை அப்படி நான் அதற்கு முன் கண்டதில்லை. மாதக்கணக்கில் எல்லாவற்றையும் விசாரித்தவர், இதை மட்டும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

ஓடினோம். மறுமுனையில் லொறிகளில் காகிதப் பூக்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு லொறியின் படியில், தொப்பியை மடியில் வைத்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் சட்டையைக் கண்டு எழுந்தாள்.

"தெரு முழுக்கத் தேடினேன். வரலைன்னு நினைச்சேன்."

அண்ணை பொய் சொல்லத் தெரியாதவர். மூச்சு வாங்க, "குறை நினைக்காதேங்கோ. சுத்தித் திரும்பி வருமெண்டு துடங்கின இடத்திலயே இருந்திட்டம்" என்றார்.

அவள் குனிந்து சப்பாத்தைப் போடத் தொடங்கினாள். சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"நானும் முத வருசம் அப்படித்தான் உக்காந்திருந்தேன்" என்றாள். "எல்லா லோரியும் போனப்புறம் ரொம்ப நேரம். யார்கிட்டயும் சொன்னதில்லை."

பிறகு அவள் சிரித்தாள், அண்ணையும் சிரித்தார். அவர்கள் நடந்துபோக, சுடுதண்ணிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். அந்த வருஷமே கலியாணம்.

அந்த ஃப்ளாட் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். தொலைபேசிக் கூண்டும் இல்லை. மெல்பேர்ண் தெருவில் தமிழ் கேட்டால் அன்று ஓடிப்போய் எந்த ஊர் என்று கேட்போம். இன்று ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தயா அண்ணை போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. சரஸ் மெல்பேர்ணில், மல்கிரேவில் தனியாக இருக்கிறாள்.

நேற்று அவளுக்குப் போன் எடுத்து, நாங்கள் வருகிற விஷயத்தைச் சொன்னேன்.

"ஓம், வாங்கோ. ஏன் காசைக் குடுத்து அறை எடுத்தனீங்கள்? பிள்ளையளுக்குப் புட்டு அவிச்சு வைக்கிறன். காரை ஆறுதலா ஓடச் சொல்லுங்கோ."

அந்த ஈப்போத் தமிழ் எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது. எல்லாம் அப்படியே அண்ணையின் பேச்சு, சொல்லை இழுக்கிற இழுவை உட்பட. நானும் பழக்கதோஷத்தில் "சரி அண்ணை" என்றுவிட்டேன்.

அவள் திருத்தவில்லை.