ஓடுகிற மோட்டாரின் வயது

செல்வியை வைண்டிங்கிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றும் உத்தரவு நான் போட்ட அட்டவணையை நம்பித்தான் டைப் ஆனது.

திண்டுக்கல்லில் போர்வெல் மோட்டார் செய்யும் கம்பெனியொன்றில் அப்போது நான் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றுவதுதான் வைண்டிங். எரிந்து திரும்பும் மோட்டாரைப் பிரித்து, யார் சுற்றியது, எத்தனை மாதம் ஓடியது என்று சர்வீஸ் ரிஜிஸ்டரில் எழுதுவோம். அதிலிருந்து ஆளுக்கொரு சராசரி எடுத்தேன். பழைய ஆளான மாரியப்பனுக்கு ஆறு வருடம் வந்தது. செல்விக்குப் பதினான்கு மாதம்.

மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு, "எதுக்கும் ஓடுற மோட்டாரையும் போன்ல விசாரிச்சிருங்க" என்றார்.

செல்வி சுற்றிய மோட்டார் வாங்கியவர்களை அழைத்தேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: "ஏதோ ஓடுதுங்க." நான் 'திருப்தி இல்லை' என்று குறித்துக்கொண்டேன்.

விஷயம் தெரிந்து செல்வி என் மேசைக்கு வந்தார். சின்னாளபட்டிப் பெண்.

"சார், நான் வேலைக்குச் சேந்தே ரெண்டு வருசந்தான் ஆகுது. என் மோட்டாரு ஆறு வருசம் ஓடிட்டு எரியணும்னா, நான் பள்ளிக்கூடத்துல படிக்கையிலயே சுத்தியிருக்கணும்."

நான் ரிஜிஸ்டரைத் திரும்பப் புரட்டினேன்.

"திங்கக்கிழமைலருந்து பேக்கிங்காம். அங்கிட்டுப் போனவுக யாரும் வைண்டிங்குக்குத் திரும்புனதில்ல சார்."

மறுநாள் காலை பழனி பஸ் பிடித்து நெய்க்காரப்பட்டியில் இறங்கினேன். முதல் முகவரி ஒரு தென்னந்தோப்பு. தொட்டியில் தண்ணீர் தொடைப் பருமனுக்கு விழுந்துகொண்டிருந்தது.

"மோட்டாருல கொறை ஏதாவது இருக்குங்களா?" என்று விவசாயியிடம் கேட்டேன்.

"கொறை இருந்தா இந்நேரம் மேல தூக்கியிருக்க மாட்டனுங்களா?"

"அப்புறம் ஏனுங்க போன்ல அப்படிச் சொன்னீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நல்லா ஓடுதுன்னு வாயால சொல்லிப்போட்டா நாளைக்கே நின்னு போகுமுங்க. மெதுவாப் பேசுங்க, அதுக்குக் கேட்டுறப் போகுது."

குழாயில் காதை வைத்தேன். எங்கோ ஆழத்தில், உறங்குகிறவரின் மூச்சைப் போல ஒரு சீரான ஒலி. ஓலை நிழல் தண்ணீரில் ஆடியது. வெகுநேரம் அப்படியே நின்றேன். எங்கள் ரிஜிஸ்டரில் இடம்பெறாத மோட்டார்கள் அத்தனையும் இந்தச் சமவெளிக்கு அடியில் ஒரே சுருதியில் ஓடுவதாகத் தோன்றியது. அவற்றுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. நான்தான் எண்ணவில்லை.

மூன்று நாள் அலைந்து செல்வியின் மோட்டார்களையும் மாரியப்பனின் மோட்டார்களையும் பார்த்து, ஓடுகிறவற்றின் வயதைக் குறித்துவந்தேன். கல்லூரியில் 'சென்சார்டு டேட்டா' (முடிவு இன்னும் தெரியாத தரவு) என்று படித்த பாடம் இதுதான். பன்னிரண்டு மாதமாக ஓடும் மோட்டாரின் ஆயுள் பன்னிரண்டு மாதத்துக்குக் குறையாது. அதற்கு மேல் எவ்வளவு என்று தெரியாது. பன்னிரண்டாம் மாதம் வரை அதைக் கணக்கில் வைத்துப் பிறகு விலக்க வேண்டும். ஒரு மோட்டார் எரிந்த வயது வரை, அதையும் சேர்த்துப் பத்து மோட்டார் ஓடியிருந்தால், அந்த வயதில் தப்பியது பத்தில் ஒன்பது. இப்படி வரும் பின்னங்களை வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போனால், எந்த வயதில் எத்தனை பங்கு இன்னும் ஓடும் என்று காட்டியபடி படிக்கட்டு போல ஒரு கோடு இறங்கும்.

சனிக்கிழமை இரண்டு கோடுகளையும் மேனேஜர் முன் வைத்தேன்.

"ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணுல்ல கெடக்கு! புள்ளையோடது மட்டும் ஏன் பாதியில நிக்குது?"

"அவங்க மோட்டாருக்கு வயசே அம்புட்டுத்தான் சார்."

"ஆறு வருசம் ஓடுமா?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னு சொல்லவா மூணு நாள் சுத்துனீங்க?" என்றவர், ஒன்றாகக் கிடந்த இரண்டு கோடுகளின் மேலும் பேனா முனையை ஓட்டிப் பார்த்தார். பிறகு உத்தரவை இரண்டாகக் கிழித்தார்.

நின்றுபோனவற்றை மட்டும் எண்ணி ஆயுள் சொல்லக்கூடாது. இன்று இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அதை ஒரு பெண்ணின் வேலையைப் பணயம் வைத்துக் கற்றேன்.

செல்வியிடம் தாளைக் காட்டினேன். கோடு முடியும் இடத்தில் விரலை வைத்தார்.

"அடுத்த வருசம் வந்து பாப்பேன் சார். கோட்டை நீட்டி வையுங்க" என்று சொல்லிவிட்டு, கம்பி சுற்றப் போனார்.