இழுத்து ஊதிய இரண்டாவது விசில்

அந்தக் கண்டக்டரை எல்லோரும் விசில்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஊதினால், அடேயப்பா, பின்படியிலிருந்து கிளம்பும் சத்தம் ஓட்டுநரின் முதுகைத் தட்டும். ஒன்று ஊதினால் நிறுத்து, இரண்டு ஊதினால் கிளம்பு. இரண்டாவதை இழுத்து ஊதினால் யாரோ கைக்குழந்தையோடு ஏறியிருக்கிறார்கள், மெதுவாக எடு. இது அவர்கள் இருவருக்குள் மட்டும். பதினோரு வருடத்தில் ஓட்டுநருக்குத் திரும்பிப் பார்க்கும் வழக்கமே போய்விட்டது.

அந்த விசில் ஒருநாள் பாதியில் அறுந்தது. விசில்தான் கெட்டுப்போச்சு என்று விசில்காரர் புதிதாக ஒன்று வாங்கினார். அதுவும் இரண்டு வாரத்தில் கம்மியது. மூன்றாவதையும் வாங்கிவிட்டுக் கடைக்காரரைத் திட்டினார், ஓட்டுநரும் கூடவே திட்டினார். கூத்தைப் பாருங்கள், ஊதுகிற நெஞ்சைப் பற்றி இரண்டு பேருக்கும் யோசனை வந்ததாகவே தெரியவில்லை. இருமலா, ரோட்டுப் புழுதி. சட்டை தொளதொளவென்று தொங்குகிறதா, தையல்காரர் அளவெடுத்த லட்சணம். மருந்துக்கடைக்காரர் கொடுத்த சிரப் மட்டும் பாட்டில் பாட்டிலாகக் காலியானது.

ஓட்டுநருக்கோ வேறு கோபம். ஒரே டம்ளர் டீயை ஆளுக்குப் பாதியாகக் குடித்தவர்கள் அவர்கள். நான்கு மாதமாக விசில்காரர் தனி டம்ளர் கொண்டுவந்து, தள்ளிப்போய் உட்கார்ந்து குடித்தார். பெரிய மனுஷன் ஆகிவிட்டாராக்கும் என்று ஓட்டுநர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். விசில்காரர் டம்ளரைத் தானே கழுவித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் முதல் விசில் கேட்டு ஓட்டுநர் பஸ்ஸை நிறுத்தினார். ஏறவேண்டியவர்கள் ஏறியாயிற்று, கிளம்பச் சொல்லும் விசிலைக் காணோம். பல வருடத்தில் முதல் முறையாக ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். விசில்காரர் படியில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்திருந்தார், கைக்குட்டையில் ரத்தம்.

பயணிகளைப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஓட்டுநர் அவரை ஆட்டோவில் நெஞ்சுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வாசலில் விசில்காரர் இறங்க மறுத்தார்.

"எங்கப்பா இந்த மாதிரி ஒரு வாசல்லதான் நுழைஞ்சாரு, திரும்பல. பேர் வைக்காத வரைக்கும் இது வெறும் இருமல்தான் தம்பி."

"அப்போ உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாமலா தனி டம்ளர் வச்சேன்? உனக்குச் சின்னப் புள்ளைங்க இருக்கு."

நான்கு மாதம் தான் முறைத்ததையெல்லாம் இந்த மனுஷன் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாரே! ஓட்டுநர் அவர் கையைப் பிடித்து இறக்கினார்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். ஒரு பக்க நுரையீரலில் பாதி வெள்ளை பூத்திருந்தது. இதை வைத்துக்கொண்டா தினமும் பன்னிரண்டு நடை நின்றுகொண்டே வந்தார்? ஓட்டுநர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காசநோய் டம்ளரில் ஒட்டாது, இருமுகிற காற்றில்தான் பரவும், தனி டம்ளர் எடுத்த அன்றைக்கே வந்திருந்தால் எவ்வளவோ சுலபம் என்றார் நர்ஸ். ஓட்டுநரையும் சோதித்தார்கள், அவருக்கு ஒன்றுமில்லை. விசில்காரருக்கு ஆறு மாதம், ஒரு நாள் தவறாமல் மாத்திரை.

ஏழாவது மாதம் விசில்காரர் மறுபடி பின்படியில் ஏறினார். ஸ்டாப்பில் ஒரு விசில், பஸ் நின்றது. ஆட்கள் ஏறினார்கள். அடுத்து ஒன்று, உடனே இரண்டாவது. அது நீண்டது, நீண்டுகொண்டே போனது, பயணிகள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள்.

ஓட்டுநர் திரும்பவில்லை. பஸ்ஸை மெதுவாக, அவ்வளவு மெதுவாக எடுத்தார். கைக்குழந்தையோடு யாரும் ஏறியிருக்கவில்லை.